ஆர்.என்.ஏ திரளாமல் போன மூன்று வாரங்கள்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், சி-ஏ-ஜி என்னும் மூன்றெழுத்து (ஒவ்வோர் எழுத்தும் இழையின் ஒரு காரத்தைக் குறிக்கும்) 47 முறை அடுத்தடுத்து வரும் ஆர்.என்.ஏ இழையைத் தயாரித்து, அது குழாயில் திரள்வதை நுண்ணோக்கியில் பதிவுசெய்யும் பணி என்னிடம் வந்தது. மூளையைப் பாதிக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் உள்ளவர்களின் மரபணுவில் நீண்டுபோகும் தொடர் இதுதான். இத்தகைய இழைகள் புரதத்தின் துணையே இல்லாமல் கூழ்போலத் திரள்கின்றன என்று ஆய்வாளர்கள் அங்குர் ஜெயினும் ரொனால்ட் வேலும் 2017-இல் காட்டியிருந்தார்கள். அவர்களைப் பின்பற்றி, 10 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடும் 25 மில்லிமோலார் சோடியம் குளோரைடும் கலந்த பஃபர் கரைசலில் இழையை 95 டிகிரிக்குச் சூடாக்கி, மெல்ல 37 டிகிரிக்கு ஆறவிட்டேன்.

திரள் எதுவும் தோன்றவில்லை. ஒளிர்சாயம் புலம் முழுவதும் மங்கிய ஒரே வெளிச்சமாகப் பரவிக் கிடந்தது. இழை சிதைந்துவிட்டதோ என்று ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் பட்டை தெளிவாக இருந்தது. மூன்று வாரங்கள் இப்படியே கழிந்தன.

ஆய்வகத்தின் மூத்த அக்கா ஒருவர்தான், இழையை எந்த உப்பில் வீழ்படிவாக்கினாய், எத்தனை முறை கழுவினாய் என்று கேட்டார். அம்மோனியம் அசிடேட்டும் எத்தனாலும் சேர்த்து வீழ்படிவாக்கியிருந்தேன். குழாயின் அடியில் ஒட்டியிருந்த, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்த அந்த ஆர்.என்.ஏ வெண்பொட்டு போய்விடுமோ என்ற அச்சத்தில் மேலிருந்த திரவத்தை முழுவதும் எடுக்காமலும், கழுவாமலும் விட்டிருந்தேன். 70 சதவீத எத்தனாலில் இருமுறை கழுவி மீண்டும் செய்தபோது, கறுத்த புலத்தில் உருண்டையான ஒளிப்புள்ளிகள் தோன்றின. அதே இழையின் ஒரு பங்கில் 100 மில்லிமோலார் அம்மோனியம் அசிடேட்டை வேண்டுமென்றே சேர்த்துப் பார்த்தேன், புள்ளிகள் உருவாகவில்லை. மக்னீசியத்தை விட்டுவிட்டுச் செய்த பங்கிலும் அப்படியே.

ஆர்.என்.ஏவின் முதுகெலும்பில் உள்ள ஒவ்வொரு பாஸ்பேட்டும் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் இழைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட மக்னீசியம் அயனி அவ்விலக்கத்தைத் தணித்து, ஓர் இழையின் சி-யும் ஜி-யும் பல இழைகளின் ஜி-யோடும் சி-யோடும் இணைந்து வலைபோலப் பின்னிக்கொள்ள இடம் தருகிறது. தொடர் நீள நீளப் பிடிமானங்கள் பெருகும். எனவே, குட்டையான தொடரில் இந்த வலை உருவாவதில்லை. அம்மோனியம் போன்ற ஒற்றை மின்னூட்ட அயனிகள் மிகுந்தால், அவை இழையைச் சூழ்ந்து மக்னீசியத்தின் இடத்தைப் பறித்துக்கொள்கின்றன என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம். மக்னீசியம், அம்மோனியம் இரண்டையும் வெறுமனே ‘உப்பு’ என்று குறிப்பேட்டில் எழுதுவது எனக்கு இப்போது ஒப்பவில்லை.

ஜி நான்கும் சி இரண்டும் மாறிமாறி வரும் தொடருக்கு அயனியின் பெயர் இன்னும் முக்கியம்: அதன் ஜி-க்கள் நந்நான்காகச் சேர்ந்து அடுக்கும் நான்மடி அமைப்பைப் பொட்டாசியம் நன்கு தாங்கிப் பிடிக்கிறது, லித்தியம் அவ்வாறு தாங்குவதில்லை. அந்தத் தொடரில் வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு குழாயின் மூடியிலும் எந்த உப்பில் வீழ்படிவாக்கினேன், எத்தனை முறை கழுவினேன் என்பதை எழுதிவைக்கிறேன்.