அம்பாசிடர் மார்க் 4: பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்கிறது, கமான் பட்டை மாற்ற வேண்டுமா?

மதுரை மார்க் 4:
வணக்கம். அப்பா வாங்கிய 1984 மாடல், 1489 சிசி பெட்ரோல் வண்டி. காலியாக நிறுத்தினாலே பின்னால் வலது பக்கம் இரண்டு விரல் அளவு தாழ்ந்து நிற்கிறது. பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் வேகத்தடையில் 'டங்'கென்று அடிக்கிறது. ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார்கள். சரியாகிவிடுமா?

பழைய பட்டறை:
தம்பி, ஷாக் அப்சார்பர் வண்டி குதிப்பதைத்தான் அடக்கும். உயரத்தைத் தாங்குவது கமான் பட்டை, அதாவது அடுக்கடுக்காக இருக்கும் லீஃப் ஸ்பிரிங். ஷாக்குக்கு இப்போது காசு போடாதீர்கள். அம்பாசிடருக்கு முன்னால் டார்ஷன் பார் இருக்கிறது, அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி. அதில் ஒரு பக்கம் இறங்கினாலும் பின்பக்கம் சாய்ந்த மாதிரிதான் தெரியும். அதனால் சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். முன் கிராஸ் மெம்பரின் (குறுக்குச் சட்டத்தின்) நட்டநடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். பிறகு பின் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் போய்விட்டால் கோளாறு முன்பக்கம். போகாவிட்டால் பட்டைதான்.

மதுரை மார்க் 4:
அளந்தேன் அண்ணா, வித்தியாசம் அப்படியே இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் வலது பக்கம் இரண்டாவது பட்டை உடைந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றி, கூட ஒரு பட்டை சேர்க்கலாம் என்கிறார்கள்.

உக்கடம் அம்பி:
வேண்டாம் நண்பரே. இரண்டு பக்கமும் செட்டாக மாற்றுங்கள், இல்லையென்றால் மறுபடி சாயும். கூடுதல் பட்டை போட்டால் உயரம் வரும், ஆனால் காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும். சுமை ஏற்றுகிற வண்டிக்குச் சரி, வீட்டு வண்டிக்கு எதற்கு? பழைய பட்டையை வளைத்துத் தருகிறேன் என்பார்கள். சூடேற்றிப் பதம் வைக்காமல் வளைத்தால் சீக்கிரமே படுத்துவிடும்.

பழைய பட்டறை:
அவர் சொல்வது சரி. கழற்றும்போது பாடிக்கு ஸ்டாண்டு, ஆக்சிலுக்குத் தனி ஜாக்கி. ஆக்சிலைத் தொங்க விட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும். பட்டை அடுக்கை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சிலில் அதற்கான ஓட்டையில் உட்கார வேண்டும். விலகினால் வண்டி கோணலாக ஓடும். பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டும், பட்டை முனைகளில் வரும் ரப்பர் புஷ்ஷும் புதிதாகவே போடுங்கள். அப்புறம் முக்கியமானது: ஷேக்கிள் (பட்டையின் முனையை பாடியோடு இணைக்கும் இணைப்பு) நட்டுகளை வண்டியை இறக்கி, எடை முழுக்கச் சக்கரத்தில் நின்ற பிறகுதான் முழுசாக முடுக்க வேண்டும். தூக்கிய நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துவிடும். பட்டறையில் பல பேர் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.