"எங்க கையில இல்லைங்க" என்று உங்களிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்?

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து (தொடங்கி வைப்பவர்):

என் அம்மாவுக்கு 61 வயது, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 2024 டிசம்பர் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு செய்த வேலைக்குக் கூலி வரவே இல்லை. பொங்கல் போனது, மாசியும் பிறந்தது. வாரம் ஒரு தடவை, பால் சொசைட்டி பக்கத்தில் மிஷின் வைத்து உட்கார்ந்திருக்கும் பேங்க் அக்காவிடம் போவார். பெருவிரலை வைத்தால் ரேகை பதியாது, ஏரியில் மண் வெட்டி வெட்டித் தேய்ந்த விரல். அக்கா ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார். நாலாவது தடவை பதிந்து, 212 ரூபாய் இருக்கிறது என்று வரும். போன வாரமும் அதே 212 தான். அம்மா ஒன்றும் பேசாமல் பாஸ்புக்கை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார், வரும் வழியில் மளிகைக் கடை இருப்பதால் சுற்றுப் பாதையில் வருவார், அங்கே பாக்கி இருக்கிறது.

பிப்ரவரியில் நான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கேட்கப் போனேன். பணித்தளப் பொறுப்பாளர், "காலையிலயும் மதியமும் போட்டோ எடுத்து ஏத்திட்டேன் தம்பி, அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார். ஊராட்சியில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசைக் காட்டினார்கள். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், கம்ப்யூட்டர் திரையையே என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இங்கேருந்து எல்லாம் அனுப்பியாச்சு, டெல்லியிலேருந்து பணம் வரணும், எங்க கையில இல்லைங்க."

சரி, கட்சிக்காரர்களிடம் கேட்போம் என்று மார்ச் கடைசியில் இரண்டு பக்கமும் போனேன். அப்போது மாநிலத்தில் ஆண்ட தி.மு.க.வின் உள்ளூர்ப் பொறுப்பாளர், ஒன்றிய அரசு 4,034 கோடி ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறது, மார்ச் 29 ஆர்ப்பாட்டத்துக்கு அம்மாவையும் கூட்டி வாருங்கள் என்றார். டெல்லியில் ஆளுகிற கட்சிக்காரர், இருபது கோடிப் பேர் இருக்கிற உத்தரப்பிரதேசத்தைவிட ஏழு கோடி இருக்கிற உங்களுக்குத்தான் அதிகம் கொடுத்திருக்கிறோம், நாடாளுமன்றத்திலேயே சொல்லியாகிவிட்டது, மாநிலத்திடம் கணக்குக் கேளுங்கள் என்றார். இரண்டு பேருக்கும் கணக்கு மனப்பாடமாகத் தெரிகிறது. அம்மாவின் வேலை அட்டை எண் என்ன என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

அன்று ராத்திரி சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 நாளுக்குள் கூலி வர வேண்டும். 16-ஆவது நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு தர வேண்டும். அப்போது அறிவித்திருந்த கூலி 319 ரூபாய், ஆறு நாளுக்கு 1,914, அதற்கு இழப்பீடு நாளுக்கு ஒரு ரூபாய்கூட வராது. அந்த ஒரு ரூபாயாவது என் அம்மாவின் உரிமை என்று இத்தனை வருடத்தில் யாரும் ஊரில் சொன்னதில்லை. எனக்குக் கோபம் அதில்தான். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து:

உங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவராவது இருந்தார். எங்கள் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்துவிட்டது, 28 மாவட்டங்களில் இதே நிலைதான். அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. ஒரு பி.டி.ஓ. ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் தனி அலுவலர் என்றால் எங்கள் தெரு போர்வெல் மோட்டார் எரிந்துபோனதை அவர் எப்போது வந்து பார்ப்பார்? சித்திரை வெயிலில் பதினெட்டு நாள், பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இரந்து எடுத்தோம். முன்பு தலைவர் வீட்டு வாசலில் குடத்தோடு போய் நிற்போம், திட்டிக்கொண்டே ஆள் அனுப்புவார். இப்போது எந்த வாசலில் போய் நிற்பது?

இது முதல் தடவையும் இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை மூன்று வருடத்துக்கு மேல் இப்படித்தான் கிடந்தோம். அப்போது கோட்டையில் இருந்தது அ.தி.மு.க. தேர்தலை நடத்து என்று கேட்டது தி.மு.க., ஊர் ஊராக வந்து பாய் விரித்துக் கிராம சபை என்று கூட்டினார்கள், நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன், மனசார நம்பினேன். பிறகு அவர்கள் ஆட்சியிலும் தள்ளிப்போனது, வார்டு வரையறை, இணைப்பு என்று காரணம் வந்தது. ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் 243இ பிரிவு சொல்கிறது. தேர்ந்தெடுத்த ஆட்கள் இல்லை என்று அந்த முந்தைய தடவை டெல்லியும் ஊராட்சிக்கான நிதிக்குழு மானியத்தை நிறுத்தி வைத்தது. மேலே இருப்பவர்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டால் கீழே குழாய்தான் வறண்டு போகிறது.

திருமங்கலம் பக்கத்திலிருந்து:

நான் தோப்பூர் வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிறவன். எய்ம்ஸ் (ஒன்றிய அரசின் பெரிய மருத்துவமனை) வரும் என்று 2015 மத்திய பட்ஜெட்டில் சொன்னார்கள். 2018-இல் தோப்பூர் என்று முடிவானது, 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அன்று எங்கள் தெருவே திரண்டு போனது. அப்பாவுக்கு அப்போதே இருதயக் கோளாறு, "இனி மெட்ராஸுக்கு அலைய வேண்டாம்டா" என்று சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு வருடக்கணக்காக சுற்றுச்சுவரைத்தான் பார்த்தோம். ஜப்பான் கடன் வர வேண்டும் என்றார்கள், நிலம் வர வேண்டும் என்றார்கள், நிலம் எப்போதோ கொடுத்தாகிவிட்டது என்றார்கள். 2021 தேர்தலில் தி.மு.க.வினர் இதுதான் எய்ம்ஸ் என்று ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக் காட்டி ஓட்டுக் கேட்டார்கள், எல்லோரும் கை தட்டினோம். 2022-இல் முதல் 50 மாணவர்களை ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் உட்கார வைத்துப் படிக்க வைத்தார்கள். கட்டட வேலை உண்மையாகவே தொடங்கியது 2024-இல். அப்பா 2023-இல் போய்விட்டார். எய்ம்ஸ் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போதும் அவர் வேட்டியை மடித்துக் கட்டியது ஞாபகம் வருகிறது.

அரவக்குறிச்சியிலிருந்து:

சுருக்கமாகச் சொல்கிறேன். 2016-இல் பணப் பட்டுவாடாவால் எங்கள் தொகுதியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலைத் தள்ளி வைத்து நவம்பரில் நடத்தினார்கள், எல்லோருக்கும் தெரியும். நாங்கள் வீட்டில் ஓட்டுக்குப் பணம் வாங்குவதில்லை. "வாங்கலைன்னா அந்தப் பக்கம்னு எழுதிக்குவோம் அக்கா" என்று பட்டியல் வைத்திருந்த பையன் சொன்னான், என்னிடம் டியூஷன் படித்த பையன். அப்புறம் சாக்கடை அடைத்துக்கொண்டபோது கட்சி ஆள் ஒருவரிடம் போனோம். "சும்மாவா ஓட்டு போட்டீங்க?" என்று கேட்டுவிட்டார். நாங்கள் சும்மாதான் போட்டோம். அதைச் சொன்னால் நம்பக்கூட ஆள் இல்லை என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

விழுப்புரம் (மறுபடியும் நான்):

எல்லாவற்றையும் படித்தேன். புதுக்கோட்டைக்காரர் சொன்ன வாசல் விஷயத்தை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

எங்களுக்கு மே மாதம் பணம் வந்தது. வந்த வாரமே எங்களால்தான் வந்தது என்று இரண்டு கட்சியும் ஊரில் சொன்னது. அம்மா மளிகைக் கடைப் பாக்கியைக் கட்டிவிட்டு, அன்றைக்கு நேர் பாதையில் வீட்டுக்கு வந்தார். தாமதத்துக்கான இழப்பீடு என்று தனியாக எதுவும் பாஸ்புக்கில் ஏறவில்லை.

இப்போது கவலை வேறு. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே மாற்றிப் புதிய சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். நூறு நாள் 125 நாளாகிறது என்கிறார்கள், ஆனால் இதுவரை கூலி முழுவதையும் ஒன்றிய அரசு தந்த இடத்தில் இனி நூற்றுக்கு 60 பங்கு அவர்கள், 40 பங்கு மாநிலம். கையைக் காட்ட ஆள் ஒருவராக இருந்தபோதே ஐந்து மாதம் அலைந்தோம். அடுத்த கிராம சபையில், அம்மாவின் கூலி தாமதமானால் எந்த அலுவலகம், எந்த அதிகாரி பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லப் போகிறேன். இப்படி யாராவது ஏற்றியிருந்தால் என்ன வாசகம் போட்டீர்கள் என்று எழுதுங்கள்.