விஎச்எஸ் கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது படத்தில் கோளாறு: ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் குடும்பத்துத் திருமணக் கேசட்டுகளை, கேசட்டை ஓட்டும் விசிஆரின் மஞ்சள் ஆர்சிஏ வீடியோ கம்பியை, படத்தைக் கணினிக்கு மாற்றித் தரும் யூஎஸ்பி கேப்சர் கருவியில் இணைத்து, மடிக்கணினியில் பதிவு செய்து வருகிறேன். மென்பொருளில் நம் நாட்டுக் கேசட்டுகளின் வீடியோ முறையான பிஏஎல்லும் விநாடிக்கு 25 பிரேம்களும் சரியாகவே அமைந்துள்ளன.

மங்கலான அகலப் பட்டையொன்று படத்தில் மேல்நோக்கி மெல்ல நகர்கிறது. சார்ஜரைக் கழற்றினால் அது மறைந்துவிடுவதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் எர்த் வழியாகச் சுற்றி வருவதே காரணம் என்று கருதுகிறேன். ஆனால் மூன்று மணி நேரக் கேசட்டுக்கு பேட்டரி தாங்காது. வீடியோ கம்பியில், எர்த் வழியான அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் பொருத்தினால் படத்தின் தெளிவு குறையுமா?

இதைவிடப் பெரிய தொல்லை, படத்தின் மேல்விளிம்பு வலப்புறம் வளைந்து ஆடுவதுதான். மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி ஓரிடத்திலும் முகம் வேறிடத்திலும் தெரிகின்றன. விசிஆரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, ஹெட்டை நாடாவின் தடத்தோடு பொருத்தும் டிராக்கிங்கைத் திருகிப் பார்த்தும் பயனில்லை. அதே கேசட் பழைய டியூப் டிவியில் நேராக ஓடுவதால், நாடாவின் வேகத் தடுமாற்றத்தைக் கேப்சர் கருவியால் சமாளிக்க இயலவில்லை என்றே தோன்றுகிறது. இந்தத் தடுமாற்றத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியின் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாக டிவிடி ரெக்கார்டர் வழியாகச் செலுத்திப் பலன் கண்டவர்கள், எந்த மாடல் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

(அடிவிளிம்பில் தெரியும் கோடுகள் ஹெட் மாறும்போது வருபவை, அவற்றை வெட்டிக்கொள்வேன்.)