ஆட்டத்துக்கு முன்னால் டீம் மேனேஜர்களிடம் என்ன பேசுகிறீர்கள்?

மேலூர், கொட்டாம்பட்டி பக்கம் நடக்கிற பையன்கள் கபடிப் போட்டிகளுக்கு நான் நடுவராகப் போகிறவன். இதே வேலை பார்க்கிறவர்களும், அணியை அழைத்து வருகிறவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

பையன்கள் ஆட்டத்தில் தகராறு களத்துக்குள் கிளம்புவதைவிட ஓரத்தில் கிளம்புவதுதான் அதிகம். மேனேஜர் எழுந்து கத்தினால் அடுத்த நொடி பையனும் கத்துவான், அப்புறம் கூட வந்த சித்தப்பா, மாமா எல்லாரும் கோட்டுக்குள் வந்துவிடுவார்கள். அதனால் டாஸ் போடுவதற்கு முன் இரண்டு மேனேஜர்களையும் கேப்டன்களையும் நடுக்கோட்டுக்குக் கூப்பிட்டு ஐந்து நிமிடமாவது பேசிவிடுவேன்.

அந்த நேரத்தில் விதிகளை ஒப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அணிக்கு 12 பேர், களத்தில் 7 பேர், ஒரு ரைடுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் ஒரு தடவை பாடிப் போய் வர, 30 விநாடி என்பதெல்லாம் பையன்களுக்கே தெரியும். இந்த மைதானத்தில், இந்த வெளிச்சத்தில் எதில் சண்டை வரும் என்பதைத்தான் பேச வேண்டும். பேஸ்பாலில் ஆட்டம் தொடங்கும் முன் நடுவர்களும் இரண்டு மேனேஜர்களும் மட்டை பிடிப்பவர் நிற்கிற ஹோம் பிளேட் பக்கத்தில் கூடுவார்கள். ஆடுகிறவர்கள் பட்டியலைக் கொடுத்துவிட்டு, அந்த மைதானத்துக்கென்று உள்ள விதிகளைப் பேசிக்கொள்வார்கள். பந்து வேலிக்கு அடியில் சிக்கிக்கொண்டால் என்ன கணக்கு என்பது மாதிரி விஷயங்கள். நம் கிராமத்து மண் தரைக்கு அந்தப் பழக்கம் இன்னும் அவசியம் என்பேன்.

நம் ஊரில் முதல் பிரச்சினை லாபி, களத்தின் இரண்டு பக்கமும் ஓரமாக ஓடுகிற பட்டை. பாடிப் போகிறவன் எதிராளி யாரையும் தொடாமல் லாபியில் கால் வைத்தால் அவுட். தொட்டுவிட்டால் லாபியும் களம்தான். சுண்ணாம்புப் பொடியில் போட்ட கோடு இடைவேளைக்குள் பாதி அழிந்துவிடும். போன பொங்கலுக்கு மேலூர் பக்கம் ஒரு ராத்திரி ஆட்டம். ஒரு மூலையில்தான் ஃபோகஸ் லைட். மேனேஜர்களை லாபி ஓரமாகவே நடத்திக் கூட்டிப்போனேன். அதில் ஒருவர் குனிந்து பார்த்து, "சார், இந்த இடம் மேடா இருக்கு. கால் நிழல் விழுந்தா கோடே தெரியாது" என்றார். சரியாகத்தான் சொன்னார். இடைவேளையில் ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒரு பையன் வந்து கோட்டைத் திரும்பப் போட வேண்டும் என்று பேசி முடித்தோம்.

இரண்டாம் பாதியில் அதே மூலையில் அவருடைய பையனே தொடாமல் லாபியை மிதித்தான். விசில் ஊதினேன். பையன் கையை விரித்துக்கொண்டு என்னிடம் வந்தான். மேனேஜர் பெஞ்சை விட்டு எழவில்லை. "டேய், நாம போட்ட கோடுடா அது, வெளிய வா" என்று மட்டும் சொன்னார். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்தது போனஸ், பாடிப் போகிறவன் எதிர்ப் பக்கத்துப் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் கிடைக்கிற கூடுதல் பாயிண்ட். எதிரில் ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் போனஸ் உண்டு. ஐந்து பேராகக் குறைந்ததைக் கவனிக்காமல் மேனேஜர்கள் பாயிண்ட் கேட்பார்கள். ஆறு பேருக்குக் கீழே போனால் கை காட்டுவேன், என் கையைப் பாருங்கள் என்று முன்பே சொல்லிவிடுவேன். சந்தேகம் இருந்தால் கேப்டன் மட்டும் வந்து கேட்கலாம். மஞ்சள் கார்டு வாங்கினால் பையன் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அது மேனேஜர் கையில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

உசிலம்பட்டியிலிருந்து:

அண்ணே, நான் அணியைக் கூட்டி வருகிற பக்கம். பள்ளியில் பி.டி. வாத்தியார். எனக்கு இந்தப் பேச்சு நடுக்கோட்டில் இல்லை, எடை பார்க்கிற இடத்திலேயே வேண்டும். நகம் வெட்டியிருக்கணும், எண்ணெய் தடவக் கூடாது, மோதிரம் செயின் கூடாது என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் கையில் கட்டியிருக்கிற சாமிக் கயிறு? ஒரு நடுவர் விடுவார், இன்னொருவர் கழற்றச் சொல்வார். ஒரு தடவை ஆட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் கயிற்றை அறுக்கச் சொன்னார்கள். அழகர்கோயிலில் அவன் அம்மா கட்டிவிட்ட கயிறு. பையன் கண் கலங்கிப்போனான், முதல் ரைடிலேயே பிடிபட்டான். போன மாதம் வந்த நடுவர் எடை பார்க்கும்போதே, "சார், கயிறு இருந்தா இப்பவே அவிழ்த்துடுங்க, அறுக்க வேண்டாம்" என்றார். முடிச்சை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவ்வளவுதான் விஷயம். ஆட்டம் முடியும்வரை என் சட்டைப் பையில் இருந்தது.

எங்களை மாதிரி ஆட்களுக்கு நீங்கள் அரை மணி நேரம் முன்னால் சொன்னால் பையன்களைத் தயார் செய்ய முடியும். டாஸ் நேரத்தில் சொன்னால் சண்டைதான் போட முடியும்.

திருமங்கலத்திலிருந்து:

பெண் பிள்ளைகள் ஆட்டத்துக்குப் போகிறவர்கள் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு 15 நிமிடம், 5 நிமிடம் இடைவேளை, திரும்ப 15. பையன்கள் அணியோடு பழகிய மேனேஜர்கள் 20 என்றே நினைத்துக்கொண்டு டைம் அவுட்டைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். நான் இப்போதெல்லாம் ஸ்கோர் எழுதுகிற மேசைக்கே இரண்டு மேனேஜர்களையும் கூட்டிப்போய், நேரத்தையும் ஒரு பாதிக்கு இரண்டு டைம் அவுட் என்பதையும் ஸ்கோரர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். உசிலம்பட்டி சார் சொன்ன கயிறு விஷயத்தை வருகிற போட்டியிலிருந்து நானும் எடை பார்க்கும்போதே சொல்லிவிடுகிறேன். வளையல், கொலுசுக்கும் அதே பேச்சுதான்.