கடையம் பெரிய வீடு: கல்யாண வேலை குரூப்

ஞாயிறு, காலை 6:38

முருகேசன்: அனைவருக்கும் வணக்கம். மாப்பிள்ளை அழைப்புக்கு செண்டை மேளம், பத்தாயிரம் வாலா இரண்டு, அப்புறம் வாணவேடிக்கை. வேட்டுக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கே எல்லோரும் கோயில் வாசலுக்கு வந்துவிடவும்.

பிரபு: சித்தப்பா மாஸ்

ராஜம்: சேகர் வருகிறானா இல்லையா? பந்திக்கு ஆள் கணக்கு சொல்ல வேண்டும்

செல்வி: மூணு பேரும் வருகிறார்கள் அக்கா. அருணும் வருகிறான்

ராஜம்: அருணா!! பார்த்து எத்தனை வருஷம்

பிரபு: மிலிட்டரி மச்சான் வராரா. சூப்பர்

செல்வி: இன்னொன்று. சம்பந்தி அம்மா நேற்று போனில் ஒரு மாதிரி கேட்டார்கள். அமெரிக்காவில் இருக்கிற உங்கள் அண்ணன் மகன் மெக்சிகோவுக்குப் போய் ஏதோ போதை மருந்து சாப்பிட்டாராமே என்று. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. யார் சொன்னது?

தினேஷ்: அம்மா இதை குரூப்பில் போடணுமா. மாமா இதில்தான் இருக்கிறார்

பிரபு: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

தினேஷ்: பிரபு அண்ணா என்ன அழித்தீர்கள்

பிரபு: தப்பான ஸ்டிக்கர்

காலை 7:20

சேகர் (ஹூஸ்டன்): செல்வி, கேட்டதே நல்லது. ஆளாளுக்கு ஒன்று பேசுவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். அருண் மெக்சிகோ போகவில்லை. தலைக்காயத்துக்கு வைத்தியம் பார்க்கப் போக இருந்தான், போகவில்லை. ஆப்கானிஸ்தானில், காந்தகாரில், அவனோடு பட்டாளத்தில் இருந்த பையன் போனான். அந்த மருந்தின் பெயர் இபோகெயின். ஆப்பிரிக்காவில் காபோன் பக்கம் வளர்கிற ஒரு செடியின் வேர்ப்பட்டையிலிருந்து எடுப்பது. அமெரிக்காவில் தடை, ஹெராயின் இருக்கிற அதே பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எல்லை தாண்டிப் போகிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள், தலையில் அடிபட்ட 30 முன்னாள் சிறப்புப் படை வீரர்களை மெக்சிகோவில் அந்தச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்து 2024 ஜனவரியில் எழுதினார்கள். மனச்சோர்வு, பதற்றம், மன அதிர்ச்சி எல்லாமே நன்றாகக் குறைந்ததாம். டெக்சாஸ் அரசே 2025 ஜூனில் 5 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டிருக்கிறது, அதை முறையாகச் சோதித்துப் பார்க்க. இதைப் போய் கஞ்சா அடித்த மாதிரிப் பேசினால் என்ன செய்வது.

பிரபு: மாமா பாரா பிரித்து எழுதுங்கள்

ராஜம்: (குரல் செய்தி 2:14)

பிரபு: அம்மா சொல்வது: ஒற்றைப் பிள்ளையை எவனாவது பட்டாளத்துக்கு அனுப்புவானா, அன்றைக்கே சொன்னேன், கேட்டானா. மீதி ஒன்றரை நிமிடம் தோப்பு விற்ற கதை

சேகர் (ஹூஸ்டன்): அக்கா, அவனுக்குப் பதினெட்டு வயது. என்னைக் கேட்டா கையெழுத்துப் போட்டான். தோப்பை இதில் இழுக்காதே.

ராஜம்: நான் ஒன்றும் இழுக்கவில்லை

காயத்ரி: சேகர் மாமா, அருண் ஏன் போகவில்லை? இசிஜியா?

சேகர் (ஹூஸ்டன்): ஆமாம்மா. க்யூடி என்று ஏதோ சொன்னார்கள். நீளமாக இருக்கிறதாம்.

காயத்ரி: அப்படியானால் போகாததே நல்லது. க்யூடி என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுக்கிற நேரம். அந்த மருந்து அதை இன்னும் இழுக்கும். இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள் உண்டு. அந்த 30 பேருக்கும் கூடவே மக்னீசியம் கொடுத்தது இதனால்தான். அதோடு அதில் மருந்து சாப்பிடாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. 30 பேர் நன்றாக இருக்கிறார்கள் என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது

முருகேசன்: சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்ல?

தினேஷ்: போகவில்லை என்று சொல்லுங்கள். முடிந்தது

காலை 8:05

சேகர் (ஹூஸ்டன்): முருகேசன் மாப்பிள்ளை, அப்புறம் முக்கியமான விஷயம். அருண் வருவதாக இருந்தால் வேட்டு மட்டும் வேண்டாம். செண்டை பரவாயில்லை, ஆரம்பிக்கும் முன்பே தெரிந்தால் தள்ளி நின்றுகொள்வான். எதிர்பாராமல் வெடிப்பதுதான் ஆகாது. ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம், வந்தால் வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து நாங்களே ஊரை விட்டு வெளியே போய்விடுவோம்.

முருகேசன்: மச்சான் முதலிலேயே சொல்லியிருந்தால். அட்வான்ஸ் போய்விடும்

ராஜம்: வேட்டு இல்லாமல் மாப்பிள்ளை அழைப்பா? ஊர் என்ன சொல்லும்?

பிரபு: சைலண்ட் மோடில் மாப்பிள்ளை அழைப்பு

காயத்ரி: பிரபு சும்மா இரு

ராஜம்: அவனைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போங்கள். மெயின் அருவியில் தலையைக் கொடுத்து நின்றால் பைத்தியமே தெளியும் என்பார்கள். நாட்டு வைத்தியர் எண்ணெயும் இருக்கிறது

காயத்ரி: அம்மா!! தலையில் அடிபட்டவனை அருவிக்கு அடியில் நிறுத்துவார்களா

சேகர் (ஹூஸ்டன்): அக்கா, அவன் பைத்தியம் இல்லை.

ராஜம்: நான் அப்படியா சொன்னேன்

ராஜம்: எதைச் சொன்னாலும் குற்றம். நான் பேசவில்லை

காலை 8:40

சேகர் (ஹூஸ்டன்): சரி, எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன்.

பிரபு: யாரும் கேட்கவில்லை மாமா :)

சேகர் (ஹூஸ்டன்): அங்கே முன்னாள் படைவீரர் துறை எட்டு வகை மாற்று முறைகளை அவர்களே தருகிறார்கள். யோகா, தியானம், அக்குபங்சர், மசாஜ், தாய்ச்சி, ஹிப்னாசிஸ், அப்புறம் இரண்டு. அருண் யோகா கற்றுக்கொண்டதே அங்கேதான். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சவாசனம் சொல்லிக் கொடுக்கிறார். மன அதிர்ச்சி உள்ள படைவீரர்கள் நாய்களைப் பழக்குகிற சிகிச்சைக்கும் 2021இல் சட்டம் வந்தது. ஆனால் ஆக்சிஜன் அறைக்குப் போக வேண்டுமென்றால்தான் பாடு. தலைக்காயத்துக்கும் மன அதிர்ச்சிக்கும் எஃப்டிஏ, அதாவது மருந்துக்கு அனுமதி தருகிற அரசுத் துறை, அதை ஏற்கவில்லை, அதனால் சாதாரணமாகச் செலவை ஏற்க மாட்டார்கள். 40 தடவை உட்கார வேண்டும். அருணுக்கு ஒரு தர்ம அமைப்பு பணம் கட்டியது. இல்லாதவன் வீட்டை அடமானம் வைக்கிறான்.

முருகேசன்: ஆக்சிஜன் என்றால் கொரோனாவுக்கு வைத்தார்களே அதுவா

சேகர் (ஹூஸ்டன்): அது இல்லை மாப்பிள்ளை. ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். தட்டில் படுக்க வைத்து உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். பருத்தி உடை மட்டும்தான். வாட்ச், போன், தலைக்கு எண்ணெய் எதுவும் கூடாது. காற்றழுத்தம் ஏற ஏற, காரையாறு மலைப்பாதையில் பஸ் ஏறும்போது அடைக்குமே, அதே மாதிரி காது அடைக்கும். எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் கதவைப் பூட்டியதும் அருண் உள்ளேயிருந்து தட்டிவிட்டான். திறந்துவிட்டார்கள். மறுநாள் நான் கண்ணாடிக்கு வெளியே அவன் முகத்துக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அப்புறம் இருந்துகொண்டான்.

செல்வி: ஐயோ அண்ணா

ராஜம்: அதில் முட்டி வலி போகுமா?

பிரபு: அம்மா பேசவில்லை என்று சொன்னீர்கள்

காயத்ரி: போகாது. கடலுக்குள் மூழ்கி வேகமாக மேலே வருகிறவர்களுக்கு, கார்பன் மோனாக்சைடு விஷத்துக்கு, சர்க்கரைக் கால் புண்ணுக்கு எல்லாம் அது முறையான சிகிச்சை. தலைக்காய விஷயத்தில் 2015இல் ராணுவத்திலேயே 72 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு நிஜ ஆக்சிஜன். இன்னொரு குழுவுக்கு அதே அறை, லேசான அழுத்தம், சாதாரணக் காற்று. மூன்றாவது குழு அறைக்கே போகவில்லை. அறைக்குப் போன இரண்டு குழுவுக்குமே குணம் தெரிந்தது, இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இல்லை

சேகர் (ஹூஸ்டன்): அந்த லேசான அழுத்தமே மருந்துதான் என்று சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள்.

காயத்ரி: இருக்கிறார்கள். தினமும் ஒருவர் கூடவே இருந்து கவனித்ததும் மருந்தாக இருக்கலாம். 2025 ஜனவரியில் மிச்சிகனில் அப்படி ஒரு அறை தீப்பிடித்து வெடித்து ஐந்து வயதுப் பையன் இறந்தான் மாமா. சுத்த ஆக்சிஜன். ஒரு பொறி போதும்

சேகர் (ஹூஸ்டன்): பொய்க் காற்றோ மெய்க் காற்றோ, என் பிள்ளை ராத்திரி ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினான். தலைவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் தூங்கினான். நீங்கள் நிரூபித்து முடிக்கிற வரைக்கும் அவன் விழித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

காயத்ரி: நான் அவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அரசாங்கமே ஆராய்ச்சியில் சேர்த்து, டாக்டர் பக்கத்தில் இருக்க, இலவசமாகக் கொடுக்கட்டும். டெக்சாஸ் செய்ததில் எனக்குப் பிடித்தது அதுதான். கிடைக்கவில்லை என்பதற்காக வீட்டை விற்றுக்கொண்டு எல்லை தாண்டி ஓட விட்டால், செத்தால்கூடக் கணக்கில் வராது

காயத்ரி: கழுத்தில் நரம்புக் கொத்துக்குப் போடுகிற ஊசி ஒன்று இருக்கிறது, ஸ்டெல்லேட் பிளாக். 2020இல் ராணுவத்தினரிடம் ஒழுங்காகச் சோதித்ததில் பொய் ஊசியைவிடப் பலன் தெரிந்தது. பெரிய அளவில் இல்லை, ஆனால் தெரிந்தது. அருணுக்கு அதைக் கேட்டீர்களா?

சேகர் (ஹூஸ்டன்): கேட்கிறேன்ம்மா.

காலை 9:30

பிரபு: (பகிரப்பட்ட செய்தி) ஆக்சிஜன் அறையில் 40 நாள்! சர்க்கரை, கேன்சர், நரைமுடி அனைத்தும் மறையும்! பத்து பேருக்கு அனுப்பவும்!

காயத்ரி: பிரபு உன்னை குரூப்பிலிருந்து தூக்கச் சொல்லட்டுமா

முருகேசன்: நரைமுடி உண்மையா

கணேசன் (சுபேதார்): வேட்டு வேண்டாம்.

முருகேசன்: அத்தான் வணக்கம். நீங்களே சொன்னால் சரிதான். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அவர்கள் பங்குக்குக் கொண்டுவந்தால்?

கணேசன் (சுபேதார்): அட்வான்ஸ் பணம் நான் தருகிறேன்.

செல்வி: பணத்துக்கு இல்லை அண்ணா

பிரபு: பெரிய மாமாவுக்கே வேட்டு ஆகாது. தீபாவளிக்கு முதல் நாளே வயல் ரூமுக்குப் போய்விடுவார். சின்ன வயதில் நாங்கள் கஞ்சத்தனம் என்று நினைத்தோம் :)

ராஜம்: வாயை மூடு பிரபு

கணேசன் (சுபேதார்): (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சேகர் (ஹூஸ்டன்): அண்ணன், அமைதிப்படையில் இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வந்தபோது உங்களுக்கு யாராவது வைத்தியம் பார்த்தார்களா? நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

கணேசன் (சுபேதார்): 87இல் பலாலியில் இறங்கினோம். 90இல் கப்பல் ஏறினோம். ஒரு மாத லீவு கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

கணேசன் (சுபேதார்): இப்போது முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம், இசிஹெச்எஸ் கார்டு இருக்கிறது. சர்க்கரை மாத்திரை வாங்குகிறேன்.

காயத்ரி: மாமா அதே கார்டில் மனநல டாக்டரையும் பார்க்கலாம். பாலிகிளினிக்கில் கேட்டால் எழுதித் தருவார்கள்

கணேசன் (சுபேதார்): அந்த ஊசி இங்கே உண்டா.

தினேஷ்: அப்பா வேன்காரர் லைனில் இருக்கிறார். ரெண்டு வேனா மூணா?

முருகேசன்: ரெண்டு போதும்

ராஜம்: எங்கள் பக்கமே பதினெட்டு பேர். ரெண்டு எப்படிப் போதும்? போன தடவை புதுமனை புகுவிழாவுக்கு எங்களை டவுன் பஸ்ஸில் வர வைத்தீர்கள்

முருகேசன்: மதினி அது அன்றைக்கு வேன் பிரேக்டவுன்

ராஜம்: ஆமாம் ஆமாம்

காயத்ரி: கணேசன் மாமா, வலிக்கென்று தனி கிளினிக் வைத்திருக்கிற மயக்க மருந்து டாக்டர்கள் போடுவார்கள், பெரும்பாலும் கை வலிக்கு. மன அதிர்ச்சிக்கு என்றால் முதலில் பேச்சு சிகிச்சை, மாத்திரை. ஊசி அதற்கப்புறம். யாருக்கு?

கணேசன் (சுபேதார்): அருணுக்குத்தான்.

காயத்ரி: சரி மாமா. மத்தியானம் போன் பண்ணுகிறேன், எடுங்கள்

காலை 10:15

தினேஷ்: ஒரு யோசனை. அருண் அத்தானைப் பெரிய மாமா முன்னாடியே மண்டபத்துக்குக் கூட்டிப் போய்விடட்டும். இங்கே கோயில் வாசலில் ஒரே ஒரு சரம் மட்டும்

சேகர் (ஹூஸ்டன்): மண்டபத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?

தினேஷ்: அரை கிலோமீட்டர் இருக்கும்

சேகர் (ஹூஸ்டன்): கேட்கும்.

முருகேசன்: வேட்டுக்காரர் போன் எடுக்க மாட்டேன் என்கிறார். வாணவேடிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா, அதில் சத்தம் குறைவு

கணேசன் (சுபேதார்): அதிலும் சத்தம் உண்டு.

செல்வி: சம்பந்தி வீட்டில் இதை யார் சொல்வது?

பிரபு: அம்மா சொல்லட்டும்

ராஜம்: நான் ஏன் சொல்ல வேண்டும்? பெண்ணைப் பெற்றவன் சொல்லட்டும்

முருகேசன்: நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். இப்போது சமையல்காரர் வந்திருக்கிறார்

கணேசன் (சுபேதார்): சேகர், எந்த ரயில். அருணை நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

சேகர் (ஹூஸ்டன்): மதுரை வரைக்கும் விமானம் அண்ணன். அங்கிருந்து கார். அவன் உங்களிடம் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்கிறான், தமிழ்தான் கொஞ்சம் தடுமாறும்.

கணேசன் (சுபேதார்): மதுரைக்கு வருகிறேன்.

ராஜம்: சேகர், அங்கே முட்டிக்குத் தடவுகிற களிம்பு இருக்கிறதே, போன தடவை கொண்டுவந்தது. அதில் ரெண்டு டியூப். பெரியது