பிளாண்ட் சிக்கன் வாங்கலாமா, கடையில உரிச்சே வாங்கறதா?

கோத்தகிரி மெஸ்: வணக்கங்க. சின்னதா மெஸ் வச்சிருக்கேன், இத்தனை நாளா கடையில நின்னு கண்ணு முன்னாடி உரிச்சுத்தான் கறி வாங்கறது. இப்ப கீழ ஒரு பிளாண்ட்ல இருந்து பாக்கெட் போட்டு ஐஸ் பெட்டில ஏத்தி விடறோம், எல்லாமே மெஷின்தான் கையே படாதுன்னு ஒருத்தர் சொல்றாரு. மச்சான் என்னடான்னா மெஷின் வேகமா ஓடுனா கிருமி ஜாஸ்தின்னு பயமுறுத்தறான். எது நிஜம்?

பழைய குவாலிட்டி: நான் பிளாண்ட்ல வேலை பாத்தவன், மச்சான் சொல்றதுல விஷயம் இருக்குங்க. சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர்னு ரெண்டு கிருமியும் கோழி குடல்லதான் இருக்கும், கோழி பாக்க நல்லாத்தான் இருக்கும். குடல் எடுக்கற மெஷினை ஒரு சைஸுக்கு செட் பண்ணியிருப்பாங்க, பெருசு சிறுசு கலந்து வந்தா குடல் கிழிஞ்சு மஞ்சளா கழிவு உள்ளயே ஒழுகும், லைன், அதாவது கோழி வரிசையா தொங்கி வர்ற சங்கிலி, நிதானமா ஓடுனா அதை பாத்து தனியா எடுத்துரலாம், விரட்டி ஓட்டுனா அது அப்படியே ஐஸ்தண்ணி தொட்டிக்குள்ள போயிரும், அங்க எல்லா கோழியும் ஒண்ணாத்தான் ஊறும். அமெரிக்காவுல 2014ல வந்த முறைப்படி நிமிஷத்துக்கு 140 கோழி வரைக்கும் ஓட்டலாம், லைன்ல ஒரே ஒரு கவர்மென்ட் இன்ஸ்பெக்டர், ஒரு கோழிக்கு அரை செகண்ட் கூட கிடைக்காது. அப்புறம் சில பிளாண்டுக்கு 175 வரைக்கும் விட்டாங்க. அதுலயும் கழிவுதான் கண்ணுக்கு தெரியும், கிருமிக்கு லேப் டெஸ்ட்தான். உங்காளுகிட்ட ஒண்ணு கேளுங்க, வெட்டறதுக்கு எத்தனை மணி நேரம் முன்னாடி தீனிய நிறுத்தறீங்கன்னு. 8ல இருந்து 12 மணி நேரம்னா சரி. குறைஞ்சா குடல் நிறைஞ்சிருக்கும், ரொம்ப நீண்டாலும் குடல் நைஞ்சு சீக்கிரம் கிழியும்.

குன்னூர் அக்கா: கடை மட்டும் என்ன சுத்தம் தம்பி? மேட்டுப்பாளையத்துல ஏத்துற கூண்டு வண்டிய பாருங்க, கொண்டை ஊசி வளைவு பூராவும் குலுங்கி மேல் கூண்டு கோழி கழியறதெல்லாம் கீழ் கூண்டு மேலதான் விழுது. அப்புறம் அதே கட்டை, அதே கத்தி, அதே ஈரத்துணி. கண்ணு முன்னாடி வெட்டறாங்கன்னு நம்பறோம், கட்டைய யாரு பாக்கறோம்?

ஊட்டி சமையல்: எங்க வாங்குனாலும் சிங்க்ல வச்சு கழுவாதீங்க, தெறிக்கற தண்ணி சட்னி வரைக்கும் போகும். ஊட்டியில தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், கறி வேக கீழ விட நேரம் புடிக்கும், கொதி வந்துருச்சுன்னு இறக்கிராதீங்க. தொடை எலும்பு பக்கம் 74 டிகிரி வரணும், குக்கர்னா கவலையில்ல.

கோத்தகிரி மெஸ்: ரொம்ப நன்றிங்க. தீனி கேள்விய இன்னைக்கே போன்ல கேட்டுடறேன், முதல் லோடு வந்ததும் பெட்டிய திறந்து தெர்மாமீட்டர் வச்சு பாத்துட்டுத்தான் இறக்குவேன். எத்தனை டிகிரி இருந்தா வாங்கிக்கலாம்?

பழைய குவாலிட்டி: 4 டிகிரி, அதுக்கு மேல வேண்டாங்க.