புதுப்பிப்பு: அம்பாசமுத்திரம் வீட்டில் உத்திரம் மாற்றியாயிற்று

கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே இருந்த 4 அடி வாசலை 9 அடியாக அகலப்படுத்தலாமா, மச்சைத் தாங்கும் பழைய தேக்கு உத்திரத்தை என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது.

"சும்மா இடித்துவிட்டு லிண்டல் (வாசலுக்கு மேல் சுவரைத் தாங்கும் கட்டை) போடுங்கள்" என்றவர்களுக்கு வணக்கம். கட்டமைப்புப் பொறியாளர் வந்து, மச்சுக் கட்டைகள் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் பேசவே தொடங்கினார். சுவர் 14 அங்குலத் தடிமன் என்பதால் 200 மி.மீ. உயர இரும்பு ஐ-பீம் (I வடிவ உத்திரம்) இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்து போல்ட் போட்டோம். ஒவ்வொன்றும் மீட்டருக்கு ஏறக்குறைய 25 கிலோ. தூக்க ஆள் பிடிப்பதே தனிக் கதை.

எனக்கு மிகவும் பிடித்தது முட்டுக் கொடுத்த விதம். சுவரின் இருபுறமும் மச்சுக்கு அடியில் பலகை வைத்து இரும்பு ஜாக்கிகளை நிறுத்தினார்கள். பாரம் தரையில் பரவ, கீழேயும் பலகை. பழைய சுண்ணாம்புக் கட்டு ஒரே இடத்தில் பாரம் வந்தால் நொறுங்கும் என்பதால், பீம் முனைகளுக்கு அடியில் கான்கிரீட் மெத்தை போட்டு நன்றாக இறுக விட்டார்கள். பீமுக்கு மேல் இருந்த இடைவெளியில் கெட்டியான சிமென்ட் கலவையைக் குத்தி அடைத்தார்கள்.

"அண்ணாச்சி, ஜாக்கியை மெல்ல மெல்லத்தான் தளர்த்த வேண்டும்" என்று கொத்தனார் சொன்னபடியே செய்தோம். காரையில் மயிரிழை விரிசல் ஒன்று, அவ்வளவுதான்.

கழற்றிய தேக்கை ஆசாரி விலைக்குக் கேட்கிறார். கொடுப்பதாக இல்லை.